வேர்டு கோப்புகளில் வரும் மேக்ரோ எச்சரிக்கைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முக்கியமாக விண்டோஸில் இயங்கும் மைக்ரோசாஃப்ட் வேர்டைப் பற்றியது. லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர், மேக், இணைய வேர்டு ஆகியவற்றுக்குப் பின்னால் தனிப் பதில்கள் உண்டு. மெனு, பொத்தான் பெயர்களை ஆங்கிலத் திரையில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். எல்லாப் பதில்களிலும் நாங்கள் வலியுறுத்துவது ஒன்றுதான்: எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறது என்று ஒட்டுமொத்தப் பாதுகாப்பையும் தளர்த்தாதீர்கள். தேவைப்படும் ஒரு கோப்புக்கோ ஒரு ஃபோல்டருக்கோ மட்டும் வழிவிடுங்கள்.

மேக்ரோ என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

ஆவணத்துக்குள்ளேயே வைக்கப்படும் சிறு நிரல்தான் மேக்ரோ. வேர்டு 97 முதல் இது விபிஏ (விஷுவல் பேசிக் ஃபார் அப்ளிகேஷன்ஸ்) என்ற நிரல் மொழியில் எழுதப்படுகிறது. ஐம்பது பக்க அறிக்கையில் எல்லா அட்டவணைகளையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவருவது, கடிதத்தில் பெயர், தேதி, எண்ணைத் தானாக நிரப்புவது போன்ற வேலைகளுக்கு இது அருமையான கருவி.

சிக்கல் என்னவென்றால், விபிஏ ஆவணத்துக்குள் மட்டும் அடங்கி நிற்பதில்லை. உங்கள் பயனர் கணக்கால் எதையெல்லாம் செய்ய முடியுமோ அதையெல்லாம் அதுவும் செய்யும்: கோப்புகளைப் படிக்கும், அழிக்கும், இணையத்திலிருந்து வேறொரு நிரலை இறக்கும், அதை ஓடவிடும். ‘ஆட்டோஓப்பன்’, ‘டாக்குமென்ட்_ஓப்பன்’ என்ற பெயரில் எழுதப்பட்ட மேக்ரோ, கோப்பு திறந்தவுடனே தானாக ஓடிவிடும். நீங்கள் எதையும் அழுத்த வேண்டியதே இல்லை. 1995-இல் பரவிய ‘கான்செப்ட்’ வைரஸ் இந்த வழியைக் காட்டியது. 1999 மார்ச்சில் வந்த ‘மெலிசா’ வைரஸ் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் உள்ள முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. இப்போதைய தாக்குதல்களில் மேக்ரோ வெறும் முதல் படிதான். அது கொண்டுவந்து இறக்கும் இன்னொரு நிரல்தான் கடவுச்சொற்களைத் திருடுகிறது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிறது.

கோப்பைப் படித்தால் மட்டும் போதும். அதற்கு மேக்ரோவை அனுமதிக்க வேண்டுமா?

வேண்டாம். எழுத்து, படம், அட்டவணை எதைப் பார்ப்பதற்கும் மேக்ரோ தேவையில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தீய கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் நீங்கள் காண்பது இதுதான்: பக்கம் முழுக்க மங்கலாக்கிய ஒரு பட்டியலின் படம். அதன்மேல் ஆஃபீஸ் முத்திரையோடு ஒரு பெட்டி. ‘இந்த ஆவணம் பழைய பதிப்பில் உருவாக்கப்பட்டது. உள்ளடக்கத்தைக் காண முதலில் எனேபிள் எடிட்டிங், பிறகு எனேபிள் கன்டென்ட் அழுத்தவும்’ என்று அதில் எழுதியிருக்கும். சிலவற்றில் அம்புக்குறிகூட மஞ்சள் பட்டையை நோக்கி நிற்கும். அந்தப் பெட்டி வேர்டு காட்டும் செய்தி அல்ல, ஆவணத்துக்குள் ஒட்டிய படம். அதன்மேல் கிளிக் செய்து பாருங்கள்: மூலைகளில் பிடிகள் தோன்றும், அல்லது பக்கத்தை உருட்டும்போது அதுவும் சேர்ந்து நகரும். வேர்டின் உண்மையான எச்சரிக்கைப் பட்டை ரிப்பனுக்கு (மேலே பொத்தான்கள் உள்ள பகுதிக்கு) கீழே அசையாமல் நிற்கும். மேக்ரோவை அனுமதிக்கச் சொல்லி ஆவணமே உங்களிடம் கேட்டால், மேற்கொண்டு யோசிக்க எதுவுமில்லை. மூடிவிடுங்கள்.

பட்டைகள் பல வகையாக வருகின்றன. எது எதைச் சொல்கிறது?

‘ப்ரொடெக்டட் வியூ’ என்ற மஞ்சள் பட்டை ஆஃபீஸ் 2010-இல் வந்தது. இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த கோப்பு இது என்று சொல்கிறது. இந்த நிலையில் கோப்பு படிக்க மட்டும் திறந்திருக்கும், மேக்ரோ ஓடாது. பொத்தானின் பெயர் ‘எனேபிள் எடிட்டிங்’. மேக்ரோவே இல்லாத சாதாரணக் கோப்புக்கும் இது வரும்.

‘செக்யூரிட்டி வார்னிங்: மேக்ரோஸ் ஹேவ் பீன் டிசேபிள்ட்’ என்பதும் மஞ்சள்தான். பொத்தான் ‘எனேபிள் கன்டென்ட்’. கோப்பில் மேக்ரோ இருக்கிறது, நிறுத்தி வைத்திருக்கிறேன், விட்டுவிடட்டுமா என்று வேர்டு கேட்கிறது. இரண்டு பட்டையும் ஒரே நிறம், பொத்தான் இருப்பதும் ஒரே இடம் என்பதால் பலர் வேகத்தில் அடுத்தடுத்து இரண்டையும் அழுத்திவிடுகிறார்கள். முதலாவது திருத்துவதற்கு, இரண்டாவது நிரலை ஓட்டுவதற்கு. இந்த வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி ஆபத்து விலகும்.

‘செக்யூரிட்டி ரிஸ்க்’ என்று தொடங்கும் சிவப்புப் பட்டை மூன்றாவது. இதில் அனுமதிக்கும் பொத்தானே கிடையாது. ‘லேர்ன் மோர்’ மட்டும் இருக்கும்.

சிவப்புப் பட்டையில் ஏன் பொத்தான் இல்லை? முன்பெல்லாம் இருந்ததே?

2022-இல் மைக்ரோசாஃப்ட் இயல்பு அமைப்பை மாற்றியது. பிப்ரவரியில் அறிவித்து, ஏப்ரலில் முன்னோட்டப் பதிப்புகளுக்கு விடத் தொடங்கியது. ஜூலை தொடக்கத்தில் சற்றே பின்வாங்கியது, அதே மாத இறுதியில் மீண்டும் தொடர்ந்தது. விண்டோஸில் வேர்டு, எக்செல், பவர்பாயின்ட், ஆக்சஸ், விசியோ ஐந்துக்கும் இது பொருந்தும். இணையத்திலிருந்து வந்த கோப்பில் மேக்ரோ இருந்தால், ஒரே கிளிக்கில் அனுமதிக்கும் வழி எடுக்கப்பட்டுவிட்டது.

‘இணையத்திலிருந்து வந்தது’ என்று வேர்டுக்கு எப்படித் தெரியும்? உலாவியோ மின்னஞ்சல் செயலியோ கோப்பைச் சேமிக்கும்போது, அதனுடன் ‘ஜோன் ஐடென்டிஃபையர்’ என்ற கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை விண்டோஸ் ஒட்டிவைக்கிறது. அதில் எண் 3 இருந்தால் இணையம், 4 இருந்தால் தடைசெய்த தளம். கோப்பின் பெயரை மாற்றினாலும், அதே வட்டில் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் குறிப்பு கூடவே போகும்.

யாரிடமிருந்து வந்தது, எதற்கான மேக்ரோ என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இப்படி நீக்கலாம்:

1. வேர்டை மூடுங்கள். கோப்பை உங்கள் கணினியின் வட்டில் சேமியுங்கள். மின்னஞ்சலுக்குள்ளிருந்தே திறக்காதீர்கள்.
2. கோப்பின்மேல் வலது கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’.
3. ‘ஜெனரல்’ தாவலின் அடிப்பகுதியில் ‘செக்யூரிட்டி’ என்ற வரி இருக்கும். அருகில் உள்ள ‘அன்பிளாக்’ கட்டத்தில் டிக் வைத்து ஓகே கொடுங்கள்.
4. மீண்டும் திறங்கள். இப்போது மஞ்சள் பட்டை வரும். அங்கே முடிவெடுக்கலாம்.

ஒரே இடத்திலிருந்து வந்த பல கோப்புகள் என்றால், விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ‘அன்பிளாக்-ஃபைல்’ கட்டளை இதையே செய்யும். ஆனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதற்கும் அதை ஓட்டுவது தவறு. அங்கே என்னென்ன கிடக்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது.

‘அன்பிளாக்’ கட்டமே தெரியவில்லை. ஏன்?

அந்தக் கோப்பில் குறிப்பு ஒட்டப்படவில்லை என்று பொருள். பெரும்பாலும் கோப்பு நெட்வொர்க் பகிர்வில் இருந்து, நீங்கள் அதை ஐபி எண் வழியாகத் திறந்திருப்பீர்கள். எண்ணால் அழைத்தாலோ, புள்ளிகள் உள்ள முழு டொமைன் பெயரால் அழைத்தாலோ விண்டோஸ் அந்தச் சர்வரை இணையமாகவே எண்ணிக்கொள்ளும். ‘இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்’ திறந்து, ‘செக்யூரிட்டி’ தாவலில் அந்தச் சர்வரை ‘லோக்கல் இன்ட்ராநெட்’ அல்லது ‘ட்ரஸ்டட் சைட்ஸ்’ பட்டியலில் சேர்த்தால் சரியாகும்.

ஜிப்பில் வந்த கோப்பு, யுஎஸ்பியில் வந்த கோப்பு? இவற்றில் சிவப்புப் பட்டை வருவதில்லையே.

பட்டை வராததால் கோப்பு நல்லது என்றாகிவிடாது. அந்தக் குறிப்பு என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வட்டுகளின் வழக்கமான கோப்பு முறை) வட்டில் மட்டுமே நிற்கும். ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் உள்ள பென் டிரைவுக்கு நகலெடுத்தவுடன் அது உதிர்ந்துபோகும். ஜிப்பை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் வழியாகப் பிரித்தால் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும் குறிப்பு தொற்றிக்கொள்ளும். வேறு செயலிகள் அப்படிச் செய்யாமல் போகலாம். செவன்-ஜிப்பில் இந்த வசதி 22.00 பதிப்பில்தான் வந்தது. அதிலும் அமைப்புகளுக்குள் போய் நீங்களே இயக்க வேண்டும்.

தாக்குபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். கடவுச்சொல் போட்ட ஜிப்பை இணைத்து, அந்தக் கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதி அனுப்புவது வழக்கமான உத்தி. வழியில் உள்ள வைரஸ் சோதனை ஜிப்பைத் திறக்க முடியாமல் விட்டுவிடும் என்பது கணக்கு.

கோப்பின் பெயரைப் பார்த்தே மேக்ரோ இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். முதலில் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ மெனு வழியாக ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ தெரியும்படி செய்யுங்கள். ஆஃபீஸ் 2007 முதல் டாக்எக்ஸ் வகைக் கோப்பில் மேக்ரோவைச் சேமிக்க முடியாது. டாக்எம், அதன் வார்ப்புரு வகையான டாட்எம் இரண்டும் மேக்ரோவுக்கென்றே உள்ளவை. பழைய டாக் வகையில் மேக்ரோ இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் இருக்கலாம். பெயர் எதையும் காட்டாது. இன்றைக்கும் யாராவது பழைய டாக் வகையில் அனுப்பினால், டாக்எக்ஸாகச் சேமித்து அனுப்பச் சொல்லிக் கேட்பதே நல்லது.

ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. டாக்எக்ஸ் கோப்பு, வெளியே ஒரு இணைய முகவரியில் இருக்கும் டாட்எம் வார்ப்புருவைச் சுட்டலாம். கோப்பைத் திறந்ததும் வேர்டு அந்த முகவரிக்குப் போய் வார்ப்புருவை எடுத்துவர முயலும். டாக்எக்ஸ் திறக்கும்போது ‘டவுன்லோடிங்’ என்று ஒரு முகவரி கண்ணில் பட்டாலோ, மேக்ரோ எச்சரிக்கை வந்தாலோ, அதைத் தற்செயல் என்று விட்டுவிடாதீர்கள்.

அனுமதிக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

நிரல் எழுதத் தெரியாதவர்களும் செய்யக்கூடியது இது. கோப்பை நகலெடுத்து, நகலின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறங்கள். டாக்எக்ஸும் டாக்எம்மும் உண்மையில் ஜிப் தொகுப்புகளே. உள்ளே ‘வேர்டு’ என்ற ஃபோல்டரில் ‘விபிஏபுராஜெக்ட்.பின்’ என்ற கோப்பு இருந்தால் மேக்ரோ இருக்கிறது. அதே இடத்தில் அடிக்கோட்டுடன் தொடங்கும் ‘_ரெல்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல்.ரெல்ஸ்’ என்று ஒன்று இருக்கலாம். அதை நோட்பேடில் திறந்து, வார்ப்புருவுக்கான வரியில் உங்களுக்குத் தெரியாத இணைய முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டாக் கோப்பு ஜிப் அல்ல, அதனால் இந்த வழி அதற்குச் செல்லாது.

நிரலையே படிக்க விரும்பினால் ‘ஓஎல்இடூல்ஸ்’ தொகுப்பில் உள்ள ‘ஓஎல்இவிபிஏ’ மிக நல்ல கருவி. பைத்தான் வழியாக நிறுவலாம். வேர்டைத் திறக்காமலேயே மேக்ரோவைப் பிரித்துக் காட்டும், பழைய டாக் கோப்பையும் படிக்கும், சந்தேகமான சொற்களைக் கடைசியில் ஒரு அட்டவணையாகத் தரும். அதில் கவனிக்க வேண்டியவை: தானாக ஓடும் பெயர்கள் (ஆட்டோஓப்பன், டாக்குமென்ட்_ஓப்பன்), வேறு நிரலை இயக்கும் ‘ஷெல்’, ‘கிரியேட்ஆப்ஜெக்ட்’, ‘பவர்ஷெல்’, இணையத்திலிருந்து இறக்கும் ‘யுஆர்எல்டவுன்லோட்டுஃபைல்’. எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்களிலிருந்து கோத்து ஒரு சொல்லை உருவாக்கும் நீண்ட வரிகள், பொருளற்ற மாறிப் பெயர்கள் வரிசையாக வந்தால், எழுதியவர் எதையோ மறைக்கிறார். அட்டவணையை ஒழுங்குபடுத்தும் மேக்ரோவுக்கு மறைக்க எதுவும் இருக்காது.

ஒரு எல்லையும் உண்டு. மேக்ரோவின் மூல வரிகளை அழித்துவிட்டு, தொகுக்கப்பட்ட வடிவத்தை மட்டும் விட்டுவைக்கும் உத்தி இருக்கிறது. ஆகவே நிரல் வெறுமையாகத் தெரிந்தால் அது தூய்மைக்குச் சான்றாகாது. வந்த இடம் தெரியாத கோப்பு, உள்ளே எதுவும் தென்படாவிட்டாலும் வந்த இடம் தெரியாத கோப்பே.

ட்ரஸ்ட் சென்டரில் நான்கு தெரிவுகள் இருக்கின்றன. எதை வைப்பது?

‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘ட்ரஸ்ட் சென்டர்’, ‘ட்ரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ்’, ‘மேக்ரோ செட்டிங்ஸ்’ என்று போனால் அவை தெரியும்.

அறிவிப்பின்றி முழுவதும் நிறுத்துவது முதல் தெரிவு. மேக்ரோவையே பயன்படுத்தாதவர்கள் இதை வைத்துக்கொள்ளலாம், அழுத்துவதற்குப் பொத்தானே இருக்காது. அறிவித்து நிறுத்துவது இரண்டாவது. இதுவே இயல்பு அமைப்பு, பெரும்பாலானோருக்குச் சரியானது. டிஜிட்டல் கையொப்பம் உள்ளவற்றை மட்டும் விடுவது மூன்றாவது. அலுவலகத்தில் மேக்ரோக்களை ஒருவர் பொறுப்பேற்று எழுதித் தருகிறார் என்றால் இதுதான் சிறந்தது.

நான்காவது எல்லாவற்றையும் அனுமதிப்பது. ‘நாட் ரெகமென்டட்’ என்று அதன் அருகிலேயே எழுதியிருக்கிறது. ‘ஒரு வேலைக்காக ஐந்து நிமிடம் மாற்றிக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். அதைக் கேட்காதீர்கள். திரும்ப மாற்ற மறந்துபோவதுதான் வழக்கம். அதற்குப் பிறகு திறக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் எச்சரிக்கை வராது, வராததும் தெரியாது.

கீழே விபிஏ புராஜெக்ட் ஆப்ஜெக்ட் மாடலை நம்பலாமா என்று கேட்கும் தனிக் கட்டம் உண்டு. மேக்ரோவே வேறு மேக்ரோவை எழுத அது இடம்கொடுக்கும். நிரலாளர் அல்லாதவர் அதைத் தொட வேண்டியதில்லை.

தினமும் பயன்படுத்தும் எங்கள் சொந்த மேக்ரோ கோப்புகளுக்கும் எச்சரிக்கை வருகிறது. ஒரேயடியாக நிறுத்த வழி?

நம்பகமான இடம், அதாவது ‘ட்ரஸ்டட் லொகேஷன்ஸ்’. அங்குள்ள கோப்பு எச்சரிக்கையின்றித் திறக்கும், இணையக் குறிப்பு ஒட்டியிருந்தாலும்கூட. அதனால்தான் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

1. டாக்குமென்ட்ஸுக்குள் புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். மேக்ரோ கோப்புகளைத் தவிர வேறெதையும் அதில் போடாதீர்கள்.
2. ட்ரஸ்ட் சென்டரில் ‘ட்ரஸ்டட் லொகேஷன்ஸ்’, ‘ஆட் நியூ லொகேஷன்’.
3. ‘ப்ரௌஸ்’ வழியாக அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். துணை ஃபோல்டர்களையும் நம்பும் கட்டத்தை, தேவை இல்லையென்றால், காலியாக விடுங்கள்.
4. கோப்புகளை அங்கே நகர்த்தி வேர்டை மூடித் திறங்கள்.

டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், முழு டாக்குமென்ட்ஸ், சி டிரைவ் ஆகியவற்றை நம்பகமான இடமாக வைப்பது மேலே சொன்ன நான்காவது தெரிவை வைப்பதற்குச் சமம். இணைப்புகள் வந்து விழும் இடங்கள் அவை. நெட்வொர்க் இடங்களைச் சேர்க்கத் தனிக் கட்டம் உண்டு, அதையும் இயல்பில் நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். அந்தப் பகிர்வில் எழுதும் உரிமை யாருக்கெல்லாம் இருக்கிறதோ அவர்கள் எல்லோருமே உங்கள் கணினியில் நிரல் ஓட்ட முடியும் என்பதே காரணம். எழுதும் உரிமையை ஓரிருவருக்குச் சுருக்கிய பிறகு யோசிக்கலாம்.

இந்த ஒரு முறை மட்டும் அனுமதிக்க முடியுமா?

முடியும், பலருக்குத் தெரியாத நல்ல வசதி இது. மஞ்சள் பட்டையில் உள்ள பொத்தானை அழுத்தாமல் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’ போங்கள். அங்குள்ள ‘எனேபிள் கன்டென்ட்’ கீழ்ப்பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ எடுத்து, இந்த அமர்வுக்கு மட்டும் அனுமதி என்பதைத் தெரிவு செய்யுங்கள். அடுத்த முறை திறக்கும்போது எச்சரிக்கை மீண்டும் வரும்.

பட்டையில் உள்ள பொத்தான் அப்படியல்ல. ஒருமுறை அழுத்தினால் அந்தக் கோப்பு ‘ட்ரஸ்டட் டாக்குமென்ட்’ ஆகிவிடும், வேர்டு இனி கேட்காது. தவறுதலாக அழுத்திவிட்டால் ட்ரஸ்ட் சென்டரில் ‘ட்ரஸ்டட் டாக்குமென்ட்ஸ்’ போய் ‘கிளியர்’ கொடுங்கள். தனித்தனியாக நீக்கும் வசதி அங்கே இல்லை. எல்லாக் கோப்புகளுக்கும் கொடுத்த நம்பிக்கை மொத்தமாக நீங்கும், நல்ல கோப்புகளுக்கு மறுபடி ஒருமுறை அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும்.

மேக்ரோவுக்கு நாமே கையொப்பம் இட முடியுமா?

ஆஃபீஸுடன் ‘செல்ஃப்செர்ட்’ என்ற சிறு கருவி வருகிறது. ஆஃபீஸ் நிறுவப்பட்ட ஃபோல்டரில், ‘ரூட்’ என்பதற்குள் ‘ஆஃபீஸ்16’ என்ற இடத்தில் இருக்கும். ஒரு பெயர் கொடுத்தால் சான்றிதழ் உருவாகும். பிறகு வேர்டில் ஆல்ட்+எஃப்11 அழுத்தி, இடப்பக்கப் பட்டியலில் உங்கள் புராஜெக்டைத் தேர்ந்தெடுத்து, ‘டூல்ஸ்’, ‘டிஜிட்டல் சிக்னேச்சர்’, ‘சூஸ்’ என்று போய்ச் சான்றிதழைக் காட்டிச் சேமியுங்கள்.

இந்தச் சான்றிதழ் உருவாக்கிய கணினிக்குத்தான். பக்கத்து மேசையில் உள்ள கணினி இதை ஏற்காது, ஏற்கவும் கூடாது: யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் இப்படி ஒன்றை உருவாக்கிவிடலாம். மற்றவர்களுக்கு அனுப்ப, சான்றிதழ் வழங்கும் அமைப்பிடமிருந்து பெற்ற கோட் சைனிங் சான்றிதழ் வேண்டும். பெறுபவர் ஒருமுறை உங்களை நம்பகமான வெளியீட்டாளராக ஏற்றால் போதும்.

அடிக்கடி வரும் புகார் ஒன்று: ‘நேற்று வரை கையொப்பம் இருந்தது, இன்று காணோம்.’ சான்றிதழ் இல்லாத கணினியில் யாரோ மேக்ரோவில் ஒரு வரியைத் திருத்திச் சேமித்திருப்பார்கள். நிரல் மாறினால் கையொப்பம் விழுந்துவிடும். ஆவணத்தின் எழுத்தை மாற்றினால் எதுவும் ஆகாது.

மேக்ரோ எதுவும் இல்லாத கோப்புக்கு எச்சரிக்கை வருகிறதே?

ஆல்ட்+எஃப்8 பட்டியல் எல்லாவற்றையும் காட்டாது. ஆல்ட்+எஃப்11 திறந்து ‘திஸ்டாக்குமென்ட்’ என்பதை இரட்டைக் கிளிக் செய்து பாருங்கள். எப்போதோ வைத்த பொத்தானின் நிரல் அங்கே மிச்சமிருக்கலாம். யாரோ உருவாக்கி விட்டுவிட்ட வெற்று மாட்யூலும் (நிரல் எழுதும் தாள்) எச்சரிக்கைக்குப் போதும். ஆக்டிவ்எக்ஸ் கட்டுப்பாடுகளுக்கும் (ஆவணத்தில் வைக்கும் பொத்தான், பெட்டி போன்றவை) தனி எச்சரிக்கை உண்டு. நிரல் தேவையே இல்லை என்றால் டாக்எக்ஸாகச் சேமித்துவிடுங்கள், மேக்ரோ நிரல் எல்லாம் கழன்றுவிடும்.

மேக்ரோவோடு சேமித்தேன், மறுநாள் திறந்தால் மேக்ரோ காணவில்லை.

டாக்எக்ஸாகச் சேமித்திருக்கிறீர்கள். அப்போது வேர்டு ‘விபி புராஜெக்டை இந்த வகையில் சேமிக்க முடியாது’ என்று கேட்டிருக்கும், நீங்கள் ‘யெஸ்’ கொடுத்திருப்பீர்கள். ‘நோ’ கொடுத்து டாக்எம் வகையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பழைய நகல் இல்லாமல் நிரலை மீட்க முடியாது. மேக்ரோ எழுதுபவர்கள் ஆல்ட்+எஃப்11 திரையில் ‘எக்ஸ்போர்ட் ஃபைல்’ வழியாக ஒவ்வொரு மாட்யூலையும் தனியே எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் இதெல்லாம் எப்படி?

‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘லிப்ரே ஆஃபீஸ்’, ‘செக்யூரிட்டி’, ‘மேக்ரோ செக்யூரிட்டி’. நான்கு நிலைகள்: வெரி ஹை, ஹை, மீடியம், லோ. இயல்பில் ‘ஹை’ இருக்கும். நீங்கள் நம்பும் சான்றிதழால் கையொப்பமிட்டவையும் நம்பகமான ஃபோல்டரில் உள்ளவையும் மட்டும் ஓடும். மற்றவை உங்களிடம் கேட்காமலேயே நிறுத்தப்படும், மேலே ஒரு பட்டையில் தகவல் மட்டும் வரும். ‘மேக்ரோ ஓடவில்லை, பொத்தான் எதையும் செய்யவில்லை’ என்று வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

‘மீடியம்’ வைத்தால் ஒவ்வொரு கோப்புக்கும் கேட்கும். அதைவிட ‘ஹை’ நிலையை அப்படியே விட்டு, அதே சாளரத்தின் ‘ட்ரஸ்டட் சோர்சஸ்’ தாவலில் ‘ட்ரஸ்டட் ஃபைல் லொகேஷன்ஸ்’ பகுதியில் ஒரு ஃபோல்டரைச் சேர்ப்பதே எங்கள் பரிந்துரை. மாற்றிய பிறகு ஆவணத்தை மூடித் திறக்க வேண்டும். ஏற்கனவே திறந்திருக்கும் ஆவணத்துக்குப் புதிய அமைப்பு செல்லாது.

இரண்டு வேறுபாடுகள் முக்கியம். ஒன்று, ஓடிடி வகைக்கு டாக்எக்ஸ், டாக்எம் போன்ற பிரிவினை இல்லை. எந்த ஓடிடி கோப்பிலும் மேக்ரோ இருக்கலாம். இரண்டு, வேர்டின் விபிஏ மேக்ரோவை ரைட்டர் ஓரளவுதான் ஓட்டும். ‘லோட்/சேவ்’ பகுதியில் ‘விபிஏ ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதில் ‘எக்சிகியூட்டபிள் கோட்’ டிக்கை எடுத்துவிட்டால் நிரல் குறிப்புரையாக மட்டும் ஏறும். படிக்கலாம், ஓடாது. சந்தேகக் கோப்பைப் பார்க்க இது வசதி.

பதிப்பையும் புதிதாக வைத்திருங்கள். படத்தின்மேல் கிளிக் செய்தால் எச்சரிக்கையின்றி ஸ்கிரிப்ட் ஓடும் குறை ஒன்று 2024-இல் 7.6.7, 24.2.3 பதிப்புகளில் சரிசெய்யப்பட்டது. அதற்கு முந்தையது உங்களிடம் இருந்தால் அமைப்பை ‘ஹை’யில் வைத்தும் அந்தக் குறைக்கு எதிராகப் பயனில்லை.

மேக், இணைய வேர்டு, கைபேசி?

மேக்கில் பட்டைக்குப் பதில், கோப்பு திறக்கும் முன்பே ஒரு பெட்டி வந்து மேக்ரோவை நிறுத்தவா என்று கேட்கும். அமைப்பு வேர்டின் ‘ப்ரிஃபரன்சஸ்’, ‘செக்யூரிட்டி’ பகுதியில் உள்ளது. 2022-இன் சிவப்புப் பட்டை மாற்றம் மேக்குக்கு இல்லை. ஆகவே அங்கே முடிவு முழுக்க உங்கள் கையில். இணைய வேர்டிலும் கைபேசிச் செயலியிலும் மேக்ரோ ஓடாது. சந்தேகமான கோப்பின் எழுத்தை மட்டும் பார்க்க இணைய வேர்டு நல்ல வழி.

எச்சரிக்கையே வராவிட்டால் கோப்பு பாதுகாப்பானதா?

இல்லை. 2022 மே மாதம் வெளிப்பட்ட ‘ஃபொலினா’ குறையில் மேக்ரோவே கிடையாது. சாதாரண வேர்டு கோப்பு விண்டோஸின் பழுதறியும் கருவியை அழைத்து நிரல் ஓட்டியது. ஜூன் மாத விண்டோஸ் புதுப்பிப்பில்தான் அடைபட்டது. மேக்ரோ அமைப்பைச் சரியாக வைத்துவிட்டு, விண்டோஸ், ஆஃபீஸ் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடுவது பாதி வேலை.

‘எஸ்க்யூஎல் கமாண்ட்’ ஓடும் என்று ஒரு பெட்டி வருகிறது. இதுவும் மேக்ரோவா?

இல்லை, மெயில் மெர்ஜ். ஆவணம் ஒரு எக்செல் தாளோடோ தரவுத்தளத்தோடோ இணைக்கப்பட்டிருக்கிறது. பெட்டியில் தெரியும் தாளின் பெயர் உங்களுடையதுதான் என்றால் ‘யெஸ்’. தெரியாத பெயர் என்றால் ‘நோ’. ஆவணம் தரவு இணைப்பின்றித் திறக்கும்.

மேக்ரோ செட்டிங்ஸ் மங்கலாக இருக்கிறது, மாற்ற முடியவில்லை.

நிறுவனத்தின் குரூப் பாலிசி அதைப் பூட்டியிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியைத் தோண்டி மீற முயலாதீர்கள், பாலிசி மறுபடி வந்து எழுதிவிடும். எந்தக் கோப்பு, எதற்குத் தேவை, யார் எழுதியது என்ற மூன்றையும் எழுதி கணினிப் பிரிவிடம் கேளுங்கள். அவர்களால் ஒரு ஃபோல்டரையோ ஒரு சான்றிதழையோ மட்டும் அனுமதிக்க முடியும்.

தவறான கோப்பில் ‘எனேபிள் கன்டென்ட்’ அழுத்திவிட்டேன். இப்போது என்ன செய்வது?

வேர்டை மூடினால் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். மேக்ரோ தொடங்கிவைத்த நிரல் தனியே ஓடிக்கொண்டிருக்கும். வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் வைஃபையை நிறுத்துங்கள் அல்லது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். வெளி ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள், காப்பு நகல்கள் பூட்டப்படாமல் தப்பும். அலுவலகக் கணினி என்றால் அதை அணைக்காமல் உடனே கணினிப் பிரிவுக்கு ஃபோன் செய்யுங்கள். கோப்பையும் மின்னஞ்சலையும் அழிக்காதீர்கள், அவர்களுக்கு அவை வேண்டும். திட்டுவார்களோ என்று மாலை வரை காத்திருப்பதுதான் பெரிய இழப்பு. முதல் சில நிமிடங்களில் ஒரு கணினியோடு நிற்பது, சில மணி நேரத்தில் முழு நெட்வொர்க்குக்கும் போய்விடலாம்.

பிறகு வேறொரு கருவியிலிருந்து, இந்தக் கணினியிலிருந்து அல்ல, மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலிலும் வங்கி, மற்ற கணக்குகளை அடுத்தும் மாற்றுங்கள். ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதி இருக்கும் கணக்குகளில் அதையும் பயன்படுத்துங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் போய்விட்டதாகவே கருதுங்கள்.

சொந்தக் கணினி என்றால் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கணினி மறுதொடக்கமாகிச் சுமார் 15 நிமிடம் எடுக்கும். அடுத்து வேர்டை மூடிவிட்டு, ஆப்டேட்டாவின் ‘ரோமிங்’ ஃபோல்டரில் மைக்ரோசாஃப்ட், ‘டெம்ப்ளேட்ஸ்’ என்று போய் ‘நார்மல்.டாட்எம்’ கோப்பின் பெயரை மாற்றுங்கள். வேர்டு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஏறும் வார்ப்புரு இது, தீய மேக்ரோ தங்குவதற்குத் தோதான இடம். வேர்டு புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அருகில் ‘வேர்டு’ ஃபோல்டருக்குள் உள்ள ‘ஸ்டார்ட்டப்’ ஃபோல்டரில் நீங்கள் வைக்காத டாட்எம் எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘ட்ரஸ்டட் டாக்குமென்ட்ஸ்’ பட்டியலை ‘கிளியர்’ செய்யுங்கள்.

ஸ்கேன் எதையாவது பிடித்தால், பிடித்ததை நீக்கியதோடு நிறுத்தாமல் விண்டோஸை முழுதாக மீண்டும் நிறுவுவதே நம்பத்தக்க வழி. காப்பு நகலிலிருந்து ஆவணங்களைத் திரும்ப எடுக்கும்போது டாக்எம், டாட்எம், பழைய டாக் கோப்புகளைத் தனியே ஒதுக்கி, ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே உள்ளே விடுங்கள்.